சுப்பிரமணியர் வீட்டுப் பெண்

என் கல்லாவுக்கு எதிரே நின்ற பெண்ணின் விலை ஒரு வெள்ளி ஐந்து காசு. அவளேதான் சொன்னாள்.

மலேசியாவில், குளுவாங்கில் கல்யாணச் சாமான் கடை நடத்துகிறேன். பத்திரிகை அடிப்பது முதல் பட்டு வேட்டி வரை எல்லாம் உண்டு. பத்து பாகாட் ஊரில் அப்பாவின் ஜவுளிக்கடைக் கல்லாவுக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவன். யார் எந்த விலை சொன்னாலும் பாதிக்குக் கேட்பது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஒரு வெள்ளி ஐந்து காசில் எதைக் குறைப்பது என்று அன்று எனக்கே தெரியவில்லை.

மத்தியான மழை. லம்பாக் மலையைப் பாதிக்கு மேல் காணோம். கடைக்குள் விளக்கு எரிந்தும் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல மங்கலாக இருந்தது. அவள் பெயர் பிரேமலா. முப்பத்தொன்பது வயது. பத்து பாகாட்டில் ஒரு தையல் தொழிற்சாலையில் லைன் லீடர். அதே தொழிற்சாலையின் பஸ் ஓட்டும் ஹேமநாதனுக்கும் அவளுக்கும் வைகாசியில் கல்யாணம். அவருக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி தவறிவிட்டார். பத்திரிகைக்கான தாளை நிரப்பி என்னிடம் தள்ளினாள். மணமகளின் தந்தை என்ற இடம் காலியாக இருந்தது.

"இந்த எடத்த விட்டுட்டீங்களேம்மா."

"விடல அண்ணே. அது அப்படித்தான்."

பிளாஸ்டிக் உறை போட்ட பிறப்புப் பத்திரத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து வைத்தாள். தந்தை என்ற இடத்தில் மலாயில் அடித்திருந்தது: தகவல் பெறப்படவில்லை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் எஸ்டேட் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு அத்தோடு விட்டவர்கள். சாமி பார்த்தால் போதாதா, பதிவு அலுவலகம் வேறு எதற்கு என்று இருந்திருப்பார்கள். பதியாத கல்யாணம் என்றால் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஏறாது. அந்தக் காலத்துத் தோட்டங்களில் பாதிப் பேர் அப்படித்தான். சாமி பார்த்தது, அரசாங்கம் பார்க்கவில்லை.

"ஐசியிலயும் பாருங்க, அடையாளக் கார்டுல. எல்லாப் பொண்ணுங்களுக்கும் பேருக்குப் பின்னால ஏ-பி, இன்னாரு பொண்ணுன்னு அப்பா பேரு ஓடும். எனக்குப் பிரேமலாவோட நின்னுடும். கவுண்டருல கேப்பாங்க, மீதிப் பேரு எங்கன்னு. அவ்ளோதான் லா, பேரு முடிஞ்சிருச்சின்னு சொல்லுவேன்."

சிரித்தபடிதான் சொன்னாள். பல தடவை சொல்லித் தேய்ந்த சிரிப்பு.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல. அவங்க அக்காதான். தனலெட்சுமி அக்கா. அப்பா பேரு இல்லாத கார்டு என் வாசப்படி ஏறாது, ஏறலன்னா கல்யாணமும் இல்லன்னுட்டாங்க. அவங்க பேச்ச அவரு தாண்ட மாட்டாரு. அம்மா செத்த பெறகு அவர வளத்தது அவங்கதான்."

"ஏதாவது ஒரு பேரப் போட்டுடலாமே. அப்பா பேரு நம்ம கடையில நெறைய ஸ்டாக் இருக்கு."

"பொய்ப் பேரு வேணாம் அண்ணே. பேரே இல்லாம முப்பத்தொம்பது வருசம் ஓட்டியாச்சி."

அப்புறம்தான் விலையைச் சொன்னாள். அவளுக்கு இரண்டு வயதில் அப்பா சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. ஐந்து வயதில் அம்மா வெள்ளையம்மா காய்ச்சலில் போனாள். பிறகு ஜொகூர் பாருவில் ஓர் இல்லத்தில் வளர்ந்தாள். அம்மாவைப் பற்றி அவளுக்கு ஞாபகம் இருந்தது ஒரே ஒரு வசவு.

"கோவம் வந்தா சொல்லும், நீ வித்த பிள்ளைடி, ஒரு வெள்ளி அஞ்சு காசுக்கு வித்தோம்னு. மிச்சம் எல்லாம் மறந்துடுச்சி. அது மட்டும் மறக்கல."

மழை கொஞ்சம் ஓய்ந்தது. அந்த ஐந்து காசு என் காதுக்குள் உருண்டுகொண்டே இருந்தது.

"யாருகிட்ட வித்தாங்க?"

"யாருக்குத் தெரியும்?"

"இல்லம்மா, அந்த அஞ்சு காசு இடிக்குது. மனுசனுக்கு மனுசன் விக்கிறப்ப சில்லறைய உதறிட்டு வட்டமா ஒரு தொகைதான் பேசுவான். மொய்யிலயும் சாமி காரியத்துலயும்தான் ஒத்தையா ஒரு காசு சேத்து வைப்பாங்க. ஒங்களுக்கு முன்னால பொறந்த பிள்ளைங்க தங்கலையா?"

நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு. இல்லத்து ஃபைல்ல எழுதியிருந்திச்சி."

எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைச் சாமிக்கு விற்றுவிடுவார்கள். நாற்பத்தோராம் நாள் கோயில் படியில் கிடத்த, பூசாரி சாமி சார்பில் ஒற்றைப்படைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார். சாமியின் பிள்ளையை எமன் தொடமாட்டான் என்று கணக்கு. பெற்றவர்கள் வளர்ப்பார்கள், சொந்தம் சாமிக்கு. கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு மரக்கால் தவிடோ அரிசியோ கொடுத்து மீட்டுக்கொள்வார்கள். என் சின்ன அண்ணனே தவிட்டுக்கு வந்தவன்தான். அந்த விலைக்கு அவன் அதிகம் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"வித்தது உண்மைதான்மா. ஆனா வாங்கினவரு பெரிய எடம். கோயில்ல நோட்டு இருக்கும். நோட்டுல ஒங்கப்பா பேரு இருக்கும்."

அவள் பத்திரத்தைத் திருப்பி, அம்மாவின் முகவரியில் விரலை வைத்தாள். நாலாம் நம்பர் தோட்டம், சிம்பாங் ரெங்கம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என் வேனில் போனோம். ஹேமநாதனுக்கு அன்று ஷிஃப்ட். சிம்பாங் ரெங்கத்தைத் தாண்டி மண்பாதையில் இறங்கியதும் செம்பனை வரிசைகள் ஆரம்பித்தன. பனிமூட்டம் மட்டைகளுக்குக் கீழே படுத்திருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே மரம், அதே இடைவெளி, அதே நிழல். வண்டி ஓடுகிறதா, அல்லது நாங்கள் நிற்க மரங்கள்தாம் எங்களைக் கடந்து போகின்றனவா என்று கொஞ்ச நேரம் குழம்பிப் போனேன். தொழிலாளர் வீட்டு லயங்களை இடித்துப் பல வருடம் ஆகிறது. வீடு இருந்த இடங்களில் செம்பருத்தி மட்டும், யாரோ இப்போதுதான் நட்டுவிட்டு உள்ளே போனது போலப் பூத்திருந்தது. பிரேமலா கண்ணாடியை இறக்கி வெளியே கையை நீட்டி, பனியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மரங்களுக்கு நடுவே திடீரென்று ஒரு நீலக் கூரை. சுப்பிரமணியர் கோயில். வாசலில் மணியம் பெருக்கிக்கொண்டிருந்தான். பழைய பூசாரியின் மகன். வாரநாளில் சிங்கப்பூரில் லாரி ஓட்டிவிட்டு, ஞாயிறு மட்டும் வந்து கோயிலைத் திறப்பவன். விஷயத்தைச் சொன்னதும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தான்.

"நோட்டா? எங்கப்பா எழுதினது இருக்கு. கரையான் நமக்கு முன்னாடி படிச்சிருச்சான்னு பாப்போம்."

தகரப் பெட்டியிலிருந்து அவன் எடுத்தது கோயில் பேரேடு இல்லை. மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்ன 555 நோட்டு. நாலைந்து நோட்டுகள் ரப்பர் வளையத்தில். ஒவ்வொரு வரியிலும் ஒரு பிள்ளை: பெற்றவர், பெயர், நட்சத்திரம், கொடுத்தது, மீட்டது. பக்கம் பக்கமாக மீட்டுக்கொண்டே போயிருந்தார்கள். தவிடு ஒரு மரக்கால். அரிசி இரண்டு காந்தாங். சேவல் ஒன்று. மூன்றாவது நோட்டில், மூலை அரித்த ஒரு பக்கத்தில், பென்சில் எழுத்தில் இருந்தது:

ராஜசேகரன் – வெள்ளையம்மா. பெண். பிரேமலா. தை, ரோகிணி. கொடுத்தது 1.05. மீட்டது –

கோட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

"கெடச்சிருச்சி!" என்று தொடையில் தட்டினேன். "ராஜசேகரன்! என்ன எடுப்பான பேரு! தங்க எழுத்துல அடிச்சா தனலெட்சுமி வாசப்படிய என்ன, மாடிப்படியயே ஏறும்."

யாரும் சிரிக்கவில்லை. மணியம் நோட்டை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரோகிணி... பிரேமலா..." என்று முணுமுணுத்தான். "அலமாக். நீங்கதானா அது?"

"எது?"

"அண்ணே, நான் அத மந்திரத்துல ஒரு வரின்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்." என்னிடம்தான் சொன்னான், கண் அவளிடமே இருந்தது. "தை மாசம் ரோகிணி அன்னிக்கி எங்கப்பா ஒரு அர்ச்சன பண்ணுவாரு. யாரும் சீட்டு வாங்கலன்னாலும் பண்ணுவாரு. ரோகிணி நட்சத்திரம், பிரேமலா, சுப்பிரமணியர் புத்திரின்னு சொல்லுவாரு. சின்னப் பிள்ளையில இருந்து கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். அவரு போன பெறகு நான் சொல்றேன். ஆளு யாருன்னு நான் கேட்டதும் இல்ல, அவரு சொன்னதும் இல்ல. விட்டுடாதடா, சாமி வாக்குக் குடுத்திருக்காருன்னு மட்டும் சொன்னாரு."

"என்ன வாக்கு?" என்றாள் பிரேமலா. கடையில் பேசிய குரல் இல்லை அது.

"வாங்கறப்ப சாமிக்காகப் பூசாரி சொல்றது. இது இனி என் பிள்ள. எங்க போனாலும் என் கண்ணுல இருக்கும். மீட்க வந்தாலும் வராட்டியும் கைவிடமாட்டேன். அவ்ளோதான்."

"எல்லா வருசமுமா?"

"எல்லா வருசமும். தோட்டத்த வித்து எல்லாரும் போனப்பவும். கொரோனா காலத்துல சிங்கப்பூருப் பாலத்த மூடிட்டாங்க, நான் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டேன். வாடக ரூம் மாடியில நின்னு, இந்தத் திசையப் பாத்துச் சொன்னேன். பக்கத்து ரூம் சீனன் எனக்குத் தலைக்கு ஏறிடுச்சின்னு நெனச்சான்."

வியாபாரி சும்மா இருப்பானா? இடையில் புகுந்தேன். "சரி, இப்ப மீட்டுக்கலாம்ல? தவிடு என்ன வெல? வருசக் கணக்குப் பாத்து ஒரு மூட்டையாவே குடுத்துடறேன்."

"பெத்தவங்கதான் மீட்கணும் அண்ணே."

"அப்பா எடத்துல நான் நிக்கிறேன். எனக்கும் வயசு அறுவது ஆச்சி. முகமும் கொஞ்சம் பொருந்தும்."

"பொருந்தல," என்றான் மணியம், இரக்கமில்லாமல். "ஆனா ரெண்டு மூட்டன்னா யோசிக்கலாம். கூரை ஒழுகுது."

"ஒண்ணரை."

"அண்ணே," என்றாள் பிரேமலா.

அவள் கருவறை முன்னால் போய் நின்றிருந்தாள். உள்ளே ஒரு விளக்கு. அந்த வெளிச்சத்தில் வேல் மட்டும் தெரிந்தது, முகம் புகைக்குள். "அத ஒரு தடவ சொல்லுங்களேன்" என்றாள்.

மணியம் கை கழுவிக்கொண்டு உள்ளே போனான். மணியை ஆட்டினான். லாரி ஓட்டுகிறவன் குரல் எங்கோ போய், அவனுக்கு முந்தியவர்களின் குரல் வந்தது. ரோகிணி நட்சத்திரம். பிரேமலா. சுப்பிரமணியர் புத்திரி. வெளியே மட்டைகளிலிருந்து நேற்றைய மழை சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கை கூப்பவில்லை. தெருவில் போகும்போது யாரோ பின்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று நின்று திரும்புவோமே, அப்படி நின்றாள். இல்லத்தில் வரிசையில் தட்டோடு நின்ற தை மாதங்கள், தொழிற்சாலையில் ஊசி குத்திய தை மாதங்கள், பெயர் முடிந்துவிட்டது என்று கவுண்டரில் சிரித்த தை மாதங்கள். அத்தனையிலும் ஒரு நாள், இந்த மரங்களுக்கு நடுவே, கேட்க ஆளில்லாத இடத்தில் அவள் பெயரும், பெயருக்கு மீதியும் சொல்லப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவள் அழுதாளா என்று தெரியாது. நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நேரம் வியாபாரிக்கும் கண் கூசும்.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் தூங்கி எழுந்த பிள்ளையின் தெளிவு இருந்தது.

"மீட்க வேணாம் அண்ணே. இப்படியே இருக்கட்டும்."

பத்திரிகை வாசகத்துக்கு இரண்டு நாள் ஆனது. சுப்பிரமணியர் பெயரையும் வெள்ளையம்மா பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் வள்ளி தெய்வானை கோபித்துக்கொள்வார்கள் என்று நான் பயந்தேன். கடைசியில் இப்படி முடிந்தது: அமரர் வெள்ளையம்மா பெற்றெடுத்து, நாலாம் நம்பர் தோட்டம் அருள்மிகு சுப்பிரமணியர் ஏற்றுக்கொண்ட மகள், செல்வி பிரேமலா. 'வாங்கிய மகள்' என்று போட்டால் கணக்குச் சரியாக இருக்கும் என்றேன். ஏற்றுக்கொண்ட என்பதுதான் வேண்டும் என்றாள்.

மாதிரி அட்டை போன மறுநாளே தனலெட்சுமி கடைக்கு வந்துவிட்டார். ஐம்பது வயது. குடையை மடக்கிய விதத்திலேயே இவரிடம் விலை குறையாது என்று தெரிந்தது. பின்னால் ஹேமநாதன், தொழிற்சாலைச் சட்டையோடு. பிரேமலா ஏற்கெனவே வந்து காத்திருந்தாள்.

"என்ன ரூபேந்திரன், கார்டு அடிக்கச் சொன்னா காலண்டர் அடிச்சி வச்சிருக்கீங்க?"

"உக்காருங்கம்மா, தேத்தண்ணி..."

"தேத்தண்ணி கெடக்கட்டும். சம்பந்தின்னா எனக்கு ஒரு மனுசன் வேணும். சீர் சரியில்லன்னு சண்ட போடணும். பந்தியில ஒபசரிக்கலன்னு கோவிச்சிக்கணும். கல்லுகிட்ட போயி நான் எப்படிக் கோவிச்சிக்கிறது?"

"எல்லாரும் அங்கதான் போயி கோவிச்சிக்கிறாங்க, அக்கா," என்றார் ஹேமநாதன்.

"நீ பேசாத. ஒனக்குக் கண்ணு தெரியாமப் போயி ஆறு மாசம் ஆச்சி." பிரேமலா பக்கம் திரும்பினார். "நோட்டுல பேரு கெடச்சிதுன்னு இவன் சொன்னான். ராஜசேகரன். அதப் போட்டா என்ன கொறஞ்சிடும்?"

பிரேமலா எழுந்து நின்றாள். "போடலாம் அக்கா. நீங்க போடுன்னா இப்பவே போட்டுடலாம். பொய்யில்ல, நோட்டுலயே இருக்கு. ஆனா நாளைக்கி ஒங்க தம்பிக்கும் எனக்கும் ஒரு சண்டைன்னா, கோவிச்சிக்கிட்டு நான் எந்த வீட்டுக்குப் போவேன்? ராஜசேகரன் வீடு எங்கன்னு எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது. இந்த வீடு தெரியும். கதவு தெரியும். அங்க ஒரு வருசம்கூட என் பேரச் சொல்லாம விட்டதில்ல."

தனலெட்சுமி அட்டையை எடுத்துக் கண்ணுக்குத் தூரமாக வைத்துப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர்; கோவித்துக்கொண்டு போக ஒரு வீடு இல்லாமல் இருப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சம்பந்தி வீட்டப் பாக்காம பொண்ணு எடுக்கிற பழக்கம் எங்ககிட்ட இல்ல," என்றார் கடைசியில். "கல்யாணத்த அங்கயே வைங்க. ரூபேந்திரன், இருநூறு கார்டு. வெலய அப்புறம் பேசலாம், இப்ப எனக்கு மனசு சரியில்ல."

வைகாசியில் கல்யாணம். மணியம் கூரையை ஒழுகாமல் செய்திருந்தான், தவிடு வாங்காமலே. செம்பனைக்கு நடுவே பந்தல் போட்டு, காலைப் பனியில் மாவிலை கட்டியபோது, ஏதோ மேகத்துக்குள் கல்யாணம் நடப்பது போல இருந்தது. மாப்பிள்ளை பக்கத்து நாற்காலிகள் நிரம்பிவிட்டன. பெண் பக்கம் நானும் என் மனைவியும். இருபது வரிசைக் காலி நாற்காலி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குளுவாங்கிலிருந்து வந்த குருக்கள், பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும் என்றார். மணியம், சாமியின் சார்பில், செம்போடு குனிந்தான்.

"ஐயோ, நிறுத்து!" தனலெட்சுமி பாய்ந்து வந்து செம்பைப் பிடுங்கினார். "யாரு சார்புல யாரு காலக் கழுவறது? என் தம்பி காலுக்கு அந்தத் தகுதி உண்டா? நகரு." பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு, செம்பைத் தூக்கிக்கொண்டு அவரே படியேறினார். கருவறை வாசற்படியில் தண்ணீரை ஊற்றிக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, நிமிர்ந்து உள்ளே பார்த்தார். "சம்பந்தி, பொண்ண நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க. இனிமே பாதிய நாங்க பாத்துக்கிறோம்."

தாலி ஏறிய கொஞ்ச நேரத்தில் பனிக்குள் கார் விளக்குகள் தெரிந்தன. ஒன்று, மூன்று, அப்புறம் எண்ண முடியவில்லை. மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் என்று சிதறிப்போன தோட்டத்து ஜனம். மணியம் அவர்களுடைய வாட்சாப் குழுவில் பத்திரிகையைப் போட்டிருக்கிறான். முன்னால் வந்தவர் பெயர் லெட்சுமணன்; மூச்சு வாங்கியது அவருக்கு.

"வழி தெரியாமச் சுத்திட்டோம். எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கு. நாங்க பொண்ணு வீடு."

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்றார் தனலெட்சுமி.

"நாங்களும் இவருகிட்ட வித்த பிள்ளைங்கதாம்மா. எங்கள எங்கப்பா தவிடு குடுத்துத் திரும்ப வாங்கிட்டாரு. அதுக்காக, அப்பா வீட்டுல தங்கிப்போன பொண்ணு எங்களுக்குத் தங்கச்சி இல்லன்னு ஆயிடுமா?"

பெண் பக்கத்து நாற்காலிகள் நிரம்பி, ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். பிரேமலா மணவறையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், பார்த்து முடியவில்லை. அந்த நேரம் பார்த்துக் குருக்கள் குரல் கொடுத்தார்: "பொண்ணோட கூடப்பொறந்தான் யாரு? பொரி போடணும், வாங்க!"

ஒரே சமயத்தில் பதினான்கு பேர் எழுந்தார்கள்.

பொரி போடும் மைத்துனனுக்கு மாப்பிள்ளை வீட்டார் வேட்டி வைத்துக் கொடுப்பது முறை. பெண்ணுக்கு ஆளில்லையே, எதற்கும் இருக்கட்டும் என்று தனலெட்சுமி கொண்டுவந்தது ஒரே ஒரு வேட்டி. வரிசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வேட்டி என்ன வெல, ரூபேந்திரன்?"

"மொத்தமா எடுத்தா கொறச்சிக்கலாம்மா."

"இன்னிக்கிக் கொறைக்காதீங்க," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எழுதிக்குங்க."

மொய் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதினேன்:

மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டு மைத்துனர்களுக்குச் செய்ய வேண்டிய வேட்டி பதினான்கு. கொடுத்தது ஒன்று. பாக்கி பதின்மூன்று.